காட்டில் உறங்குகிறவர்

மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் ஒரு சிறிய உவமையோடு முடிகிறது. வெளியூர் புறப்படும் வீட்டுத் தலைவர் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார். வாயிற்காவலனுக்குக் கொடுப்பது விழித்திருக்கும் பொறுப்பு. அவர் எப்போது திரும்புவார் என்பது யாருக்கும் தெரியாது. மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் வேளை, விடியல் என்று நான்கு வேளைகள் அங்கே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. உரோமானியர் இரவைப் பகுத்துக்கொண்ட நான்கு காவல்முறைகள் அவை. நம்முடைய சாமக் கணக்கைப் போன்றவை. 33 முதல் 37 வரையிலான அந்த ஐந்து வசனங்களுக்குள் விழித்திருக்கச் சொல்லும் வினை நான்கு முறை வருகிறது.

தமிழில் படிக்கிறவருக்கு நான்கும் ஒரே வினையாகவே தென்படும். புரோட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘விழித்திருத்தல்’ என்ற சொல்லைக் கையாள்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘விழிப்பாயிருத்தல்’ என்கிறது. கிரேக்க மூலத்தில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முதலில் வருவது ‘அக்ருப்னெயோ’. பிறகு மூன்று முறை வருவது ‘கிரேகோரெயோ’. இவற்றோடு மூன்றாவதாக, பேதுரு, பவுல் ஆகியோரின் பெயர்களில் அமைந்த திருமுகங்களில் அடிக்கடி துணைநிற்கும் ‘நேஃபோ’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆன்மிக விழிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்லுவதைப் புதிய ஏற்பாடு இந்த மூன்று சொற்களால் மூன்று திசைகளிலிருந்து அணுகுகிறது.

நான் கிரேக்கம் முறையாகக் கற்றவன் அல்லன். கிறிஸ்தவப் பள்ளியொன்றில் படித்த நாள்களில் அறிமுகமான நூலை, வழிபாட்டுக்காக அன்றி மொழிக்காக, அகராதியின் துணையோடு எழுத்துக்கூட்டிப் படித்து வருகிறவன். அந்த வாசிப்பில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது இந்தச் சொற்களே. அதற்குக் காரணம் இறையியல் அன்று. நான் பிறந்த கரிசல் மண்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம்.

‘கிரேகோரெயோ’ புதிய ஏற்பாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. கெத்செமனே தோட்டத்தில் சீடர்களிடம் இயேசு வேண்டுவது இந்தச் சொல்லால்தான். இது பழைய கிரேக்கத்தில் தனி வினையாக இருந்ததில்லை. எழுப்புதல் என்று பொருள்படும் ‘எகெய்ரோ’ என்ற வினையின் முற்று வடிவத்திலிருந்து பிற்காலத்தில் கிளைத்த வினை. எழுப்பப்பட்டேன், ஆகவே எழுந்த நிலையில் இருக்கிறேன் என்பது அதன் உட்பொருள். உயிர்த்தெழுதலைக் குறிக்கவும் புதிய ஏற்பாடு அதே ‘எகெய்ரோ’வைத்தான் பயன்படுத்துகிறது. கத்தோலிக்கக் குடும்பங்களில் வழங்கும் கிரகோரி என்ற பெயரும் இதன் வழி வந்ததே. விழித்திருப்பவர் என்று பொருள்.

‘நேஃபோ’ என்றால் மது அருந்தாமல் இருத்தல். பழைய கிரேக்கர்கள் சில தெய்வங்களுக்கு, குறிப்பாகப் பழிதீர்க்கும் எரின்னிகளுக்கு, திராட்சை மது சேராத படையலைத்தான் படைத்தார்கள். தண்ணீர், பால், தேன் மட்டுமே ஊற்றப்படும் அந்தப் படையலுக்கும் இதே வேரிலிருந்து வந்த பெயர்தான். போதை இல்லாத மனத்தைக் குறிக்கத் தமிழ் வேதாகமம் ‘தெளிந்த புத்தி’ என்ற அழகான தொடரைக் கண்டெடுத்தது.

‘அக்ருப்னெயோ’ புதிய ஏற்பாட்டில் நான்கே இடங்களில் வருகிறது. உறக்கமின்றி இருத்தல் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. அந்தச் சொல்லின் பின்பாதியில் உறக்கத்தைக் குறிக்கும் ‘ஹிப்னோஸ்’ இருக்கிறது; அதில் ஐயமில்லை. முன்பாதி பற்றி மொழியியலாளரிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. உறக்கத்தைத் தேடி அலைகிறவன் என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. இன்னொரு சாரார் முன்பாதியில் ‘அக்ரோஸ்’ என்ற சொல்லைக் காண்கிறார்கள். அக்ரோஸ் என்றால் வயல், விளைநிலம். அப்படியானால் அக்ருப்னோஸ் என்பவர் நிலத்தில் உறங்குகிறவர். வீட்டில் அன்றி விளைச்சலின் நடுவே படுத்திருப்பவர் ஆழ்ந்து உறங்க மாட்டார். ஆகவே அந்தச் சொல் நாளடைவில் உறங்காதவரைக் குறிக்கலாயிற்று என்பது அவர்கள் விளக்கம்.

இதைப் படித்தபோது எனக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கோவில்பட்டிப் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் ‘காடு’ என்றுதான் சொல்லுவோம். பருத்திக்காடு, கம்மங்காடு, மிளகாய்க்காடு. அங்கே மரம் இருக்காது, விலங்கு இருக்காது; கண்ணுக்கெட்டிய தூரம் கருமண் இருக்கும். கதிர் முற்றிய காலத்திலும் பருத்தி வெடித்த காலத்திலும் இரவுகளில் என் அய்யா வீட்டில் படுத்ததில்லை. எங்கே என்று கேட்டால் “காட்டுல படுக்கை” என்பார் அம்மா. விழித்திருக்கப் போனார் என்றோ காவல் காக்கப் போனார் என்றோ எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. படுக்கப் போனார் என்றே சொல்லுவோம். கிரேக்கச் சொல் உருவான விதம் அதுவாக இருந்திருந்தால், அதை உருவாக்கியவர்களும் எங்களைப் போன்ற சம்சாரிகளாகவே இருந்திருக்க வேண்டும்.

காட்டில் உறங்குவதன் நுட்பத்தை நான் அறிந்துகொண்டது ஆட்டுக்கிடைகளில். அறுப்பு முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் மந்தைகளை இரவில் காட்டில் அமர்த்துவார்கள். அதன் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். கிடைபோட்டதற்கு நிலத்துக்காரர் தவசமோ பணமோ கொடுப்பார். மறுநாள் கிடை அடுத்த துண்டு நிலத்துக்கு நகரும். இடைசெவலில் பிறந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

கிடைக்காரர்கள் உட்கார்ந்து விழித்திருப்பதில்லை. கம்பளியை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். ஆனால் எங்கே படுப்பது என்பதில் அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஓடை எந்தப் பக்கம், பாதை எந்தப் பக்கம் என்று பார்த்து ஆளுக்கு ஒரு மூலையாகப் பிரிந்து படுப்பார்கள். ஆடுகளுக்கு மிக அருகில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒருவர் இருப்பார். மந்தையிலிருந்து இரவு முழுக்க ஓர் ஓசை வந்துகொண்டே இருக்கும். அசைபோடும் ஓசை, தும்மல், குட்டியின் முனகல். அந்த ஓசையின் மேல்தான் அவர்கள் உறங்குகிறார்கள். நரி வந்தால் முதலில் நேர்வது ஓசை அன்று. அந்த ஓசை நின்றுபோவது. ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைபோடுவதை நிறுத்தித் தலைதூக்கும். அந்த அமைதியே படுத்திருப்பவரை எழுப்பிவிடும். சிறுவனாக இருந்தபோது முதிய கிடைக்காரர் ஒருவரிடம், “தாத்தா, ராத்திரி முழுக்கத் தூங்கவே மாட்டீகளா?” என்று கேட்டேன். “தூங்கினாத்தானய்யா முழிக்க முடியும்” என்றார். கேலியாகச் சொல்கிறார் என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

அவர் சொன்னதைப் போன்ற ஒன்றைப் பிற்பாடு வேதாகமத்திலேயே காண நேர்ந்தது. எபிரேய வேதத்தைக் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், உன்னதப்பாட்டின் ஐந்தாம் அதிகாரத்தில், தன் உடல் உறங்கும்போதும் நெஞ்சம் உறங்கவில்லை என்று தலைவி உரைக்கும் இடத்தில், நெஞ்சுக்குக் கொடுத்த வினை இந்த அக்ருப்னெயோதான். உறக்கமும் விழிப்பும் அங்கே எதிரிகளாக நிற்கவில்லை. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்கிறாள். நம் மரபில் திருமாலின் உறக்கத்தை ‘அறிதுயில்’ என்று சொல்லுவது நினைவுக்கு வரும். கிடைக்காரரின் உறக்கத்தை அப்படிச் சொன்னால் அவர் சிரிப்பார்; ஆனாலும் பொருத்தமான சொல் அதுதான்.

மத்தேயு 25இல் வரும் பத்துக் கன்னியர் கதையும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. மணமகன் வரத் தாமதமாகிறது. ஐவர் அறிவுள்ளவர், ஐவர் அறிவிலிகள். கதையின் இறுதியில் வரும் போதனை, விழித்திருக்க வேண்டும் என்பதே. அங்கே உள்ள சொல் கிரேகோரெயோ. ஆனால் கதைக்குள் நடப்பது என்ன? பத்துப் பேருமே உறங்கிவிடுகிறார்கள். அறிவுள்ள ஐவரும்தான். நள்ளிரவில் குரல் கேட்டபோது பத்துப் பேருமே எழுந்தும் கொள்கிறார்கள். இரு சாராருக்கும் இடையே உள்ள வேறுபாடு விளக்குக்கான எண்ணெய் கைவசம் இருந்ததா என்பது மட்டுமே. விழித்திரு என்று போதிக்கும் கதையில் உறங்கியவர் யாரும் உறங்கியதற்காகக் குற்றம் சாட்டப்படவில்லை. பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், முதலில் மற்றவர்களைப்போல உறங்க வேண்டாம், விழித்துத் தெளிவோடிருப்போம் என்கிறார். நான்கு வசனங்கள் தாண்டி, விழித்திருந்தாலும் உறங்கினாலும் அவரோடு சேர்ந்தே வாழ்வோம் என்று அதே கிரேகோரெயோவைக் கொண்டு எழுதுகிறார். அந்த இடத்தில் உறக்கம் மரணத்தைச் சுட்டுகிறது என்று உரைகாரர்கள் பலர் சொல்லுவார்கள். இருக்கலாம். எப்படியாயினும் ‘அவரோடு சேர்ந்து’ என்பதே வாக்கியத்தின் பாரத்தைத் தாங்குகிறது.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான். விழிப்பு என்பது உறக்கத்தைக் கொல்லுவதன்று. நம் பொறுப்பில் விடப்பட்டதன் அருகே படுத்திருப்பது. எவ்வளவு அருகில் என்பதுதான் கேள்வி; எத்தனை மணிநேரம் கண்திறந்திருந்தோம் என்பதன்று. தமிழில் ‘விழி’ என்பது கண்ணுக்கும் பெயர். ஆகவே விழிப்பு என்றதும் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதே நம் மனத்தில் எழுகிறது. அக்ருப்னெயோ கண்ணைப் பற்றிப் பேசவில்லை; படுக்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறது.

எங்கள் பக்கத்து வழிபாட்டிலும் இந்த அறிவு இருக்கிறது. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் குடும்பத்தோடு போய் இராத்தங்குகிறோம். முழு இரவும் விழித்திருப்பவர் சிலரே. குழந்தைகளும் முதியவர்களும் சாமியின் பார்வையில் துண்டை விரித்து உறங்கிவிடுவார்கள். அவர்கள் வரவில்லை என்று யாரும் சொல்லுவதில்லை. கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில், வீரமாமுனிவர் பணியாற்றிய பழைய மறைத்தளத்தில், ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருநாளுக்கு வருகிறவர்களும் அப்படித்தான். ஊர் ஊராக வந்து கோயிலைச் சுற்றி மண்ணில் படுத்துக்கிடப்பார்கள். அங்கே இருப்பதுதான் அவர்களுடைய விழிப்பு.

விழிப்பை இவ்வாறு மென்மையாக்கிச் சொல்லுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. உறக்கத்தைப் பறிப்பது எல்லாம் அறம் ஆகிவிடாது என்பதை இந்த மண் வேறு விதத்திலும் கற்றுத் தந்திருக்கிறது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் தீப்பெட்டித் தொழிலின் மண்டலம். மழை பொய்க்கும் நிலத்தில் சம்சாரி வீடுகளுக்குக் கைக்காசு கொடுத்தது அதுதான். அதை மறுக்க முடியாது. ஆனால் 1970களிலும் 80களிலும் விடியலுக்கு வெகுமுன்பே ஆலை வண்டிகள் கிராமங்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிச் சென்றன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை. எங்கள் ஊருக்கு வந்த வண்டி மூன்றாம் சாமத்தில் ஊர் எல்லையில் நின்று ஒலியெழுப்பும். என்னோடு இரண்டாம் வகுப்பு படித்த பெண்கள் சிலர் மூன்றாம் வகுப்புக்கு வரவில்லை. அவர்களுடைய தாய்மார் அரைத்தூக்கத்தில் அவர்களை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, தூக்குவாளியைக் கையில் கொடுத்து அனுப்பும் ஓசை பக்கத்து வீட்டிலிருந்து எனக்குக் கேட்கும். எகெய்ரோ என்றால் எழுப்புதல். அந்த வினைக்கு உயிர்த்தெழுதல் என்ற பொருளும் உண்டு என்று அகராதியில் படிக்கும்போதெல்லாம் அந்த வண்டியின் ஒலி குறுக்கே வருகிறது.

எழுப்புகிறவர் யார், எதற்காக எழுப்புகிறார் என்று கேட்காமல் விழிப்பைப் புகழ முடியாது. 127ஆம் சங்கீதம் இதை அறிந்திருந்தது. ஆண்டவர் காக்காத நகரத்தில் காவலன் விழித்திருப்பது வீண் என்று தொடங்கி, விடியுமுன் எழுந்து இரவுவரை உழைத்துத் துன்பத்தின் அப்பத்தை உண்பதும் வீணே, உறக்கம் அவர் தமக்குப் பிரியமானவருக்கு அளிக்கும் கொடை என்ற கருத்தில் வந்து நிற்கிறது. அதன் கிரேக்கப் பெயர்ப்பிலும் காவலனின் வினை அக்ருப்னெயோவே.

அந்தச் சொல்லின் இன்னொரு முகத்தை எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் காணலாம். தலைவர்கள் உங்கள் ஆன்மாக்களுக்காக உறக்கமிழக்கிறார்கள், ஏனெனில் அவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் என்ற கருத்து அங்கே வருகிறது. கணக்குக் கொடுத்தல் என்பது நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. பாளையக்காரர் காலத்தில் இங்கே திசைக்காவல், தலக்காவல் என்று முறைகள் இருந்தன. காவலுக்கென்று ஊர்கள் வரி கொடுத்தன. பொருள் களவு போனால் காவல் பொறுப்பேற்றவர் ஈடுசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முறை எப்படிச் சீரழிந்தது என்பதைக் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் படிக்கலாம். காவலுக்கு வாங்குகிறவரே களவுக்கு அஞ்சவேண்டியவராக மாறிப்போனார். பொருளின் அருகே இருப்பது மட்டும் போதாது, அதற்குக் கணக்குச் சொல்லவும் வேண்டும் என்று அந்தத் திருமுகம் சேர்த்துச் சொல்லுவதன் தேவை அங்கே விளங்குகிறது.

இவை எல்லாம் எனக்கு ஏட்டுச் செய்திகளாக இருந்தவரை ஒரு தூரம் இருந்தது. அய்யாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தத் தூரம் இல்லாமல் போயிற்று.

எழுபத்தெட்டாம் வயதில் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. முதலில் ஊர்ப்பெயர்கள் போயின. பிறகு பேரப்பிள்ளைகள். அப்புறம் நான். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இரவு இரண்டாம் சாமம் ஆனதும் எழுந்துவிடுவார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்பைத் தேடுவார். “களத்துல ஆள் இல்ல” என்பார். எங்கள் களம் இருந்த இடம் மனைகளாகி வீடுகளும் வந்துவிட்டன. அதைச் சொல்லிப் பயனில்லை. அவருடைய அறிவிலிருந்து எல்லாம் உதிர்ந்துபோன பிறகும் உடலில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு கடமைதான். நாற்பது ஆண்டுகள் எந்த நேரத்தில் எழுந்து தவசக் குவியலைச் சுற்றிவந்தாரோ அதே நேரத்தில் உடல் அவரை எழுப்பியது.

நாற்காலியில் அமர்ந்து இரவைக் கழிப்பது சில நாள்களுக்கே நடக்கும். ஆண்டுக்கணக்கில் அது யாராலும் ஆகாது. ஆகவே அவர் அறையின் நிலைப்படியைக் குறுக்கே மறித்துப் பாயை விரித்துப் படுக்கத் தொடங்கினேன். அவர் வெளியே போகவேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் இரவே, இருட்டில் வந்தவர் என் காலருகே நின்றார். குனிந்து பார்த்தார்.

“ஆருப்பா அது?”

“நாந்தான் அய்யா. காவலுக்குப் படுத்திருக்கேன்.”

சற்று நேரம் நின்றார். “அப்பச் சரி. நான் போய்ப் படுக்கேன்” என்று திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். விடியும்வரை நன்றாக உறங்கினார்.

அதன்பின் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். மகனை அவருக்குத் தெரியவில்லை. காவலுக்குப் படுத்திருக்கிறவனைத் தெரிந்தது. ஒவ்வோர் இரவும் அவர் தம் முறையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எனக்கும் அந்த இரண்டு ஆண்டுகளில் ஓர் உறக்கம் பழகிவிட்டது. அவருடைய மூச்சின் ஒலியின் மேல் படுத்திருப்பேன். அவர் புரண்டால் எனக்கு விழிப்பு வராது. எழுந்து உட்கார்ந்தால் வந்துவிடும். எது எந்த ஒலி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கிடைக்காரத் தாத்தா சொன்னது கேலியில்லை என்பது அப்போது புரிந்தது.

எல்லா இரவும் அமைதியாகக் கழிந்தன என்று சொல்ல மாட்டேன். சில இரவுகளில் அவர் என்னைத் திருடன் என்று நினைத்துக் கத்தினார். சில இரவுகளில் எனக்குச் சலிப்பும் கோபமும் பொங்கின. அப்போதுதான் நேஃபோ என்ற மூன்றாவது சொல்லின் தேவையை உணர்ந்தேன். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனத்தின் வாயிலில் காவலாளியைப்போல அமர்ந்து, உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணத்தையும் நீ யார் பக்கத்து ஆள் என்று விசாரிக்கச் சொன்னார். அவர் வழிவந்த கீழைத் திருச்சபைத் துறவியர் இந்தப் பயிற்சிக்கு ‘நேப்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். 1782இல் வெனிஸ் நகரில் அச்சான ‘பிலோக்காலியா’ என்ற பெருந்தொகுப்பு அவர்களை நேப்சிஸின் தந்தையர் என்றே அழைக்கிறது. மது மட்டுமன்று, சினமும் போதை, தன்னிரக்கமும் போதை. இத்தனை இரவு விழித்தேனே என்று தன்னையே மெச்சிக்கொள்வது இன்னும் கடுமையான போதை. காவலுக்குப் படுத்திருக்கிறவன் குடித்திருந்தால் அவன் எவ்வளவு அருகில் படுத்திருந்தும் பயனில்லை. அக்ருப்னெயோவுக்கு நேஃபோ துணைவேண்டும்.

அய்யா ஒரு புரட்டாசியில் இறந்தார். புழுதி விதைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பே, வறண்ட புழுதியில் விதையைப் போட்டுவிடுவது கரிசலின் முறை. மழை விழுந்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால் கரிசல் சேறாகிவிடும். ஏரும் இறங்காது, காலும் இறங்காது. முதல் மழையின் ஈரமும் வீணாகும். சோளத்தை ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கச் சொல்லுவார்கள். மேலாகப் போட்டால் ஒரு சிறுதூறலுக்கே ஏமாந்து முளைத்துக் கருகிவிடும். ஐந்து சென்டிமீட்டர் நனைகிற அளவுக்கு மெய்யான மழை பெய்தால்தான் ஆழத்து விதை கண்விழிக்கும். அதுவரை விதை உறங்குகிறது. விதைத்தவரும் வீட்டில் உறங்குகிறார். ஆனால் விதை மண்ணில் இருக்கிறது. கன்னியர் கதையின் எண்ணெய் அதுதான்.

காரியங்கள் முடிந்த நாலாம் நாள் பங்காளி வீட்டார் வந்து, நம் காட்டில் இன்னும் விதைக்கவில்லையே என்று நினைவூட்டினார்கள். போய் விதைத்துவிட்டு வந்தோம். அன்று இரவு நிலைப்படியில் பாயை விரித்துப் படுத்தேன். உள்ளே யாரும் இல்லை என்பது தெரிந்தேதான். இரண்டாம் சாமத்தில் விழிப்பு வந்தது. சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேதாகமத் தமிழில் ‘விழித்திருங்கள்’ என்ற சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைமுறைகளாக உச்சரிக்கப்பட்டுப் பதமாகிவிட்ட சொல் அது. சொல்லுவதற்கு ஒரு கம்பீரமும் இருக்கிறது. அந்த இடங்களைப் படிக்கும்போது, அச்சத்தில் விறைத்து நிற்கும் கோபுரக் காவலனை மட்டும் கற்பனை செய்யாமல், மந்தையின் அருகே கம்பளி விரித்துப் படுத்திருக்கும் ஒருவரையும் நினைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் தோன்றுகிறது. கிறிஸ்துவின் பிறப்புச் செய்தி முதலில் சென்றடைந்ததும் அப்படிப்பட்டவர்களிடம்தான். லூக்கா அவர்களைக் குறிக்கும்போது, வயல்வெளியில் தங்கியிருந்தவர்கள் என்று சொல்லுவதற்கு ‘அக்ரோஸ்’ என்ற சொல்லிலிருந்தே ஒரு வினையை எடுத்துக்கொள்கிறார்.